பிச்சித் தோட்டத்து இஞ்சின்

மணிமுத்து பட்டாளத்தை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்தது பங்குனிக் கடைசியில். ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி, சுருட்டிய படுக்கை, தென்காசி ஸ்டேஷனில் கூட்டாளிகள் போட்ட ரோஜா மாலை. இலஞ்சியில் பாதி ஊர் வந்து பார்த்துவிட்டுப் போனது. வருகிறவர்கள் வரத்து நின்ற பிறகுதான் வீட்டில் தானும் அவனும் மட்டும் இருக்கிறோம் என்பது இசக்கிச்செல்விக்கு உறைத்தது. மகள் அனுசியா பாளையங்கோட்டையில் நர்சிங் படித்துக்கொண்டு விடுதியில் இருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் லீவு நாட்கள்தான். லீவில் வருகிற புருஷனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கறி எடுக்க வேண்டும், சொந்தக்காரர் வீடுகளுக்குக் கூட்டிப் போக வேண்டும், கிளம்பும்போது முறுக்கும் அதிரசமும் டப்பாவில் அடைத்துக் கொடுக்க வேண்டும், பஸ் முக்குத் திரும்பும்வரை நிற்க வேண்டும். திரும்பிப் போகாத புருஷனை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். விடிவதற்கு வெகுமுன்னாலேயே எழுந்து, போர்வையை நாலு முனையும் சரியாக மடித்து வைத்துவிட்டு, யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல முற்றத்தில் உட்கார்ந்திருப்பான். அடுப்படியில் சீனி எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூட அவனுக்குக் கூச்சம்.

குற்றாலம் ரோட்டைத் தாண்டினால் அவர்களுடைய தோட்டம். முழுக்கப் பிச்சிப்பூ. மணிமுத்துவின் அப்பா காலத்தில் நெல் போட்ட இடத்தை அவள்தான் பூவுக்கு மாற்றினாள். கிணற்றுக்குக் கரண்டு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு எல்லாரையும் போல அவளும் காத்திருந்தாள். காத்திருந்து அலுத்துப்போய், வாசுதேவநல்லூரில் ஒருவர் விற்ற பழைய பெட்ரோல் இஞ்சின் பம்பு ஒன்றை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஒரு ஆள் தூக்கிவிடலாம், அவ்வளவு சின்னது. கயிற்றைச் சுற்றி இழுத்தால் ஓடும். பாதி நாள் இழுத்தாலும் ஓடாது. ஓடினாலும் புகையும், கவர் ஓரத்தில் எண்ணெய் ஒழுகும். ஒவ்வொரு தடவைக்கும் மெக்கானிக்கைத் தேடி அலைய முடியாது என்று தெரிந்ததும் அவளே ஸ்பேனர் வாங்கினாள். தென்காசியில் இஞ்சின் சாமான் விற்கிற கிதிர் முகம்மதுவின் கடையில் நின்று கேட்டுக் கேட்டு, பிளக்கைத் துடைப்பதில் ஆரம்பித்து, கார்புரேட்டரைக் கழுவப் பழகி, ஒரு கட்டத்தில் சைடு கவரையே கழற்றி மாட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

மணிமுத்து பட்டாளத்தில் வண்டி மெக்கானிக். மலை உச்சிகளில் லாரிகளை ஓட வைத்தவன். அதில் அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

வந்த புதிதில் அவளோடு பூப்பறிக்கத் தோட்டத்துக்கு வந்தான். பிச்சி மொட்டை விடிந்தும் விடியாமலும் இருக்கும்போதே பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அவன் பறித்தது பாதி நசுங்கி வந்தது. பாதி காம்பில்லாமல் வந்தது.

“நகத்தால கிள்ளாதிய. விரல் நுனியால லேசா ஒடிக்கணும். ஒடியுதது கையிலயே தெரியும்” என்று காட்டிக் கொடுத்தாள்.

தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். மறுநாள் வரவில்லை. இடுப்பு பிடித்திருக்கிறது என்றான். இடுப்பு பிடித்தவன் அன்றைக்குச் சாயங்காலமே மண்வெட்டியோடு கிணற்று மேட்டில் வாய்க்கால் இழுத்துக்கொண்டிருந்தான். பூப்பறிக்கிறது பொம்பளை வேலை என்று நினைக்கிறார் போல, என்று அவள் மனசுக்குள் ஒரு மூலையில் போட்டு வைத்தாள்.

வைகாசியில் கடையத்தில் அவள் தங்கச்சிக்கு வளைகாப்பு. அவனுக்குப் பொங்கி வைத்துவிட்டுப் போனாள். இரண்டு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பி வந்து நேராகத் தோட்டத்துக்குப் போனால், பம்பு ஷெட்டு வாசலில் மணிமுத்து நின்றுகொண்டிருந்தான். பனியனெல்லாம் கறுப்பு. ஊருக்கு வந்த நாளிலிருந்து அவன் முகத்தில் அவள் பார்க்காத ஒரு களை.

“இஞ்சினைப் பிரிச்சு மாட்டிட்டேன்” என்றான். “ரிங்கு புதுசு. வால்வு உரசியாச்சு. ஹெட் பேக்கிங் புதுசு. புகையாது, ஒழுகாது. நீயே இழுத்துப் பாரு.”

இஞ்சின் குளித்துவிட்டு வந்ததுபோல் நின்றது. அதன் மேல் இருந்த அழுக்கில் ஒவ்வொரு திட்டும் அவளுக்குத் தெரிந்த அழுக்கு. அது ஒன்றும் இப்போது இல்லை. அவள் இல்லாத நேரத்தில் யாரோ பீரோவைத் திறந்து, சேலைகளையெல்லாம் அவளைவிட அழகாக மடித்து அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்ததுபோல் இருந்தது.

கயிற்றைச் சுற்றி இழுத்தாள். முன்னைவிட இறுக்கமாக வந்தது.

“புது ரிங்குல்லா. அப்படித்தாம் இருக்கும்.”

இன்னொரு இழுப்பில் ஓடியது. தண்ணீர் குழாயில் வந்து வாய்க்காலில் விழுந்தது. அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். முதல் பாத்தி நிறைவதற்குள் சத்தம் மாறியது. பாரம் தூக்குகிறவன் முனகுவதுபோல் ஒரு முனகல். சைடு கவரின் அடி ஓரத்தில் எண்ணெய் முத்து முத்தாக வந்து நின்று, பிறகு கோடாக வடிந்தது. கருகிய வாடை. நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை.

மணிமுத்து பெட்ரோல் டேங்க் மேல் உள்ளங்கையை வைத்தபடியே நின்றான். இசக்கிச்செல்வி குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றில் இறங்கினாள். சற்று நேரம் கழித்து அவனும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு வந்தான். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் செடிகளுக்கு ஊற்றினார்கள். சாரல் தொடங்க வேண்டிய நாளாகியும் மேற்கே மலை வெளுத்துக் கிடந்தது. காற்று மட்டும்தான் அடித்தது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவன் சொன்னான்: “புதுசா ஒண்ணு வாங்கிருவோம், செல்வி.”

“எனக்கு அது போதும்.”

“அது பழசு.”

“இருக்கட்டும்.”

மறுநாள் பூவை அனுப்பிவிட்டு வந்து அவளே சைடு கவரைக் கழற்றினாள். இரண்டு உலோக முகங்களுக்கு நடுவில் எண்ணெய் கசியாமல் ஒரு தாள் வைப்பார்கள். அதைத்தான் பேக்கிங் என்பது. கவரும் இஞ்சின் உடம்பும் சேருகிற இடத்தில் அவள் எப்போதும் கவரின் அளவுக்கே தாள் வெட்டி வைப்பாள். இப்போது அங்கே தாள் இல்லை. சுற்றிலும் கறுப்புப் பேஸ்டைப் பிதுக்கி விட்டிருந்தான். வெளியே பிதுங்கியதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டான். உள்ளே பிதுங்கியது புழுப்புழுவாகச் சுருண்டு உதிர்ந்து எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தது.

மணிமுத்து பின்னால் வந்து நின்றான்.

“இங்கன ஒரு பேக்கிங் இருந்துச்சே. எங்க?”

“கிழிஞ்சு போச்சு. அதாம் பேஸ்ட் போட்டேன். இப்பம் எல்லாத்துக்கும் பேஸ்ட்தாம்.”

“இதுக்குத் தாள்தான் வேணும். தாளோட கனம் இருந்தாத்தாம் உள்ள சுத்துத ஷாஃப்ட் அசைய எடம் கெடைக்கும். இல்லன்னா சூடானதும் கவ்விப் பிடிச்சிரும். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா இப்படிச் செஞ்சிய? பட்டாளத்துலயும் இப்படித்தாம் வேலை பாத்தியளா?”

அவன் கிடந்த துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு குற்றாலம் ரோட்டில் மேற்கே நடந்தான். சொன்ன சொல் அவளுக்கே கசந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.

கவரை ஒரு பையில் போட்டுக்கொண்டு தென்காசிக்கு பஸ் ஏறினாள். கிதிர் முகம்மது கடையில் கூட்டமில்லை. தொங்கும் பெல்ட்டுகளுக்கு நடுவில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வயசானவர். அவளுக்கு முதல் ஸ்பேனரை விற்றவர்.

“பேக்கிங் ஷீட் வேணும், பாய். எப்பமும் தார அதே கனம்.”

“அதைத்தானம்மா உங்க வீட்டுக்காரர் வந்து வாங்கிட்டுப் போனாவ? ஒண்ணுக்கு ரெண்டாத்தான் வாங்குனாவ. அதுக்குள்ள தீந்துட்டா?”

“அவுகளா?”

“பின்ன? பட்டாளத்து நடையைப் பாத்து நானே கேட்டேன், செல்வி வீட்டுக்காரரான்னு. கவரைக் கொண்டாங்க, நான் வெட்டித் தாரேன்னேன். வேண்டாம், நானே வெட்டிக்கிடுதேன்னுட்டாவ.” டம்ளரைக் கீழே வைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்ததுபோல் இருந்தது. “அவுகளுக்குக் கையில எதுவும் அடியாம்மா?”

“ஏன் பாய்?”

“வாஷர் கேட்டாவ. எடுத்து மேசையில போட்டேன். அதை எடுக்க வரல அவுகளுக்கு. விரலு மேல படுது, பிடி கெடைக்கல. மேசை ஓரம் வரைக்கும் தள்ளிக்கிட்டே கொண்டாந்து உள்ளங்கையில விழவச்சு எடுத்தாவ. நான் பாக்கதைப் பாத்துட்டு ஒரு சிரிப்பு. நானும் கேக்கல.”

ஷீட்டைச் சுருட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். சித்திரைக்கு எடுத்துக் கொடுத்த சட்டை மடிப்புக் கலையாமல் கிடப்பது நினைவுக்கு வந்தது. வந்த நாளிலிருந்து அவன் பட்டன் இல்லாத பனியன்தான் போடுகிறான். மகளோடு பேச வேண்டுமென்றால் கண்ணாடி இல்லை, நீயே நம்பர் போடு என்கிறான். மொட்டுகள் நினைவுக்கு வந்தன. ஒடிவது கையிலேயே தெரியும் என்று அவள் சொன்னபோது தலையாட்டினானே, அது நினைவுக்கு வந்தது. அவள் தலையைத் தடவினால்கூட இப்போதெல்லாம் புறங்கையால்தான் தடவுகிறான். அது பட்டாளத்துப் பழக்கம் போல என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்துக்கு வந்து ஷெட்டுக்குள் தேடினாள். உர மூட்டைக்குப் பின்னால் ஒரு செய்தித்தாள் பொட்டலம் செருகிக் கிடந்தது. பிரித்தாள். எல்லாம் பேக்கிங் ஷீட். ஒன்று பாதி வெட்டும்போதே கிழிந்தது. ஒன்றில் போல்ட் ஓட்டைகள் இடம் விலகிப் போயிருந்தன. ஒன்று முழுசாக, அழகாக வந்து, கடைசி முக்கில் பிய்ந்திருந்தது. இன்னொன்றின் ஓரத்தில் காய்ந்த ரத்தம். சுத்தியல் விரலில் விழுந்தது தெரியாமலே தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அவள் வளைகாப்பு வீட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவன் இங்கே ஒற்றை ஆளாகக் குந்தியிருந்து ஒன்றன் பின் ஒன்றாக வெட்டிப் பார்த்திருக்கிறான்.

அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றுத் திட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இருந்தபடியே மடித்து, எடுத்த இடத்திலேயே செருகி வைத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

“குத்தாலம் வரைக்கும் போனேன்” என்றான். “அருவியில தண்ணி இல்ல. வெறும் பாறைதாம் தெரியுது.”

“சாரல் விழட்டும். அப்பம் பாக்கலாம்” என்றாள்.

கொஞ்சம் கூடுதலாகவே குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டு எழுந்ததும், “ஒரு கை பிடிக்கணும். தோட்டத்துக்கு வாரியளா?” என்று கேட்டாள். அவன் உடனே செருப்பை மாட்டிக்கொண்டான்.

ஷெட்டு நிழலில் கோணியை விரித்தார்கள். ஒட்டியிருந்த பேஸ்டை அவள் மூங்கில் சில்லால் சுரண்டி, பெட்ரோல் துணியால் துடைத்தாள். இஞ்சினுக்குள் கிடந்த எண்ணெயை வடித்து, பேஸ்ட் புழுக்கள் ஒன்றுவிடாமல் வரும்வரை இரண்டு தடவை அலசினாள். அவன் பக்கத்தில் குந்தி, கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தான். பெரிய சாமானைச் சட்டென்று எடுத்தான். சின்னதைக் கேட்டால் டப்பாவோடு தூக்கி நீட்டினான். அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கவரின் மேல் ஷீட்டை விரித்தாள். “இது அசையாம அமுக்கிப் பிடிங்க.”

அவன் உள்ளங்கையை விரித்து அமுக்கினான். சின்னச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் அவள் கவரின் ஓரத்தை ஒட்டித் தட்டிக்கொண்டே போனாள். உலோக விளிம்பில் படுகிற இடத்தில் தாள் தானாக வெட்டுப்பட்டு விழும். பலமாகத் தட்டினால் கவர் நசுங்கும். மெதுவாகத் தட்டினால் தாள் நார் நாராகப் பிய்யும். நடுவில் ஒரு தட்டு இருக்கிறது, அது கைக்குத்தான் தெரியும்.

தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: “எந்தெந்த விரல்ல உணர்ச்சி இல்ல?”

அவன் கை அசையவில்லை.

“கிதிர் பாய் சொன்னாரா?”

“வெட்டிப் போட்ட தாளைப் பாத்தேன்.”

அவன் ரோட்டுப் பக்கம் பார்த்தான். செங்கோட்டை பஸ் ஒன்று போனது. அது போகும்வரை இருந்துவிட்டுச் சொன்னான்.

“மேல பனி மலையில ஒரு லாரி நின்னு போச்சு. அதுல ஆள் ஏத்தணும், மேலுக்குச் சொகமில்லாத பையன் ஒருத்தன். கையுறை போட்டுக்கிட்டு அந்தச் சின்ன நட்டைப் பிடிக்க முடியல. கழட்டிட்டேன். இரும்பு அப்படியே தோலோட ஒட்டிக்கிட்டு. வண்டி ஓடிட்டு. எனக்கு விரலெல்லாம் வெளுத்து, பொறவு கறுத்து, ஆஸ்பத்திரியில கெடந்தேன். வெட்டணும்னு நெனச்சாவ. வெட்டாமலே தேறிட்டு. நகமெல்லாம் முளைச்சிட்டு. தொட்டா மட்டும் தெரியல.”

“ஸ்டோருக்கு மாத்திட்டாங்க, உக்காந்து பாக்குத வேலைன்னு சொன்னியளே. அது இதுனாலயா?”

“ம்.”

“ஏன் சொல்லல?”

“போன்ல என்னன்னு சொல்ல? நீ இங்கன ஒத்தையில கெடந்து எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு இருக்க. நேர்ல சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். இங்கன வந்து பாத்தா, எல்லா வேலையும் நீயே செய்யுத. பூப்பறிக்கக்கூட நான் லாயக்கில்ல. சரி, இஞ்சினாவது நமக்குத் தெரியுமேன்னு…”

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். அவன் வலது கையை எடுத்துத் தன் முழங்காலில் மல்லாத்தி வைத்தாள். பெருவிரல் நுனியை நகத்தால் அமுக்கினாள்.

“இது?”

“இல்ல.”

அடுத்த விரல். “இது?”

“இல்ல.”

“இது?”

“அமுக்குதன்னு தெரியுது. அவ்வளவுதாம்.”

சுண்டுவிரலில் தெரிந்தது. உள்ளங்கையில் நன்றாகவே தெரிந்தது. கடைசியாக உள்ளங்கை நடுவில் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“காலையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“வேலை தப்புதான. பேஸ்ட் போடும்போதே எனக்குத் தெரியும், இது நிக்காதுன்னு. நீ வாரதுக்குள்ள ஓடிட்டாப் போதும்னு ஒரு அவசரம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுத்தியலை எடுத்தாள். போல்ட் ஓட்டைகளுக்கு பேரிங்கிலிருந்து எடுத்த ஒரு பால்ரஸ் இரும்புக் குண்டைத் தாளின் மேல் வைத்து மேலே ஒரு தட்டு. வட்டமாக ஓட்டை விழுந்தது. தாள் முழுசாக வந்தது.

மாட்டப் போகும்போது அவன், “இரு” என்றான். ஷெட்டு ஜன்னலில் சாய்த்து வைத்திருந்த பழைய கண்ணாடித் துண்டை எடுத்து வந்து தரையில் போட்டான். அதன் மேல் கவரைக் கவிழ்த்து ஒரு முக்கில் உள்ளங்கையால் அமுக்கினான். கவர் ஆடியது. டக் என்றது. மறு முக்கில் அமுக்கினான். மறுபடியும் டக்.

“நீ போல்ட்டை எப்படி இறுக்குவ?”

“எப்படின்னா? இங்கன தொடங்கி வரிசையாச் சுத்தி வருவேன். ஒவ்வொண்ணா நல்லா இறுக்கிக்கிட்டே.”

“அதாம் விஷயம். ஒரு பக்கம் முழுசா இறுக்கிட்டு மறுபக்கம் வந்தா கவர் வளைஞ்சிரும். எப்பமும் எண்ணெய் ஒழுகுனது அதுனாலதாம். தாள் மேல ஒண்ணும் குத்தமில்ல.”

“இவ்வளவு வருசமாவா?”

“இவ்வளவு வருசமாத்தாம்.”

“ஒருநாளும் கிதிர் பாய் சொல்லலையே.”

“நீ இறுக்குதத அவர் பாத்திருக்க மாட்டாரே.”

இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்தே சிரித்தார்கள். உப்புத்தாளைக் கண்ணாடியில் விரித்து எண்ணெய் விட்டு, அவன் கவரை இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கி வட்டம் வட்டமாகத் தேய்த்தான். விரல் தேவைப்படாத வேலை. தோளும் முழங்கையும் சீராக ஓடின. அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது அவளுக்கு. கவரின் முகம் ஒரே பளபளப்பாக வரும்வரை தேய்த்துவிட்டு மறுபடி கண்ணாடியில் வைத்து அமுக்கினான். ஆடவில்லை.

தாளில் லேசாக எண்ணெய் தடவி அவள் இடத்தில் பொருத்தினாள். போல்ட்டுகளை, மரை கோணாமல் ஏறும்படி, கையால் நூல் பிடித்துத் திருகி விட்டாள். பிறகு ஸ்பேனரை அவனிடம் கொடுத்தாள். அவன் எதிர் எதிராக இறுக்கினான். இதில் கொஞ்சம், அதற்கு நேர் எதிரில் கொஞ்சம், மறுபடி இதில் கொஞ்சம். எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமென்பது அவன் மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பனி ஒன்றும் செய்யவில்லை.

அவள் ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். துளியும் அசையவில்லை.

“தேய்ச்சதுல கவர் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்” என்றான். “எடம் பத்தல. இன்னொரு தாள் கூட்டணும்.”

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார்கள். அவள் புதுத் துண்டை எடுத்துக் கவரின் மேல் போட்டு, தானே அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். சுத்தியலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“இதை நீங்க வெட்டுங்க.”

“வேண்டாம் செல்வி. கெட்டுப்போவும்.”

“ஷீட் நெறைய இருக்கு. நான் பிடிச்சிருக்கேன். ஓரம் எங்கன வருதுன்னு சொல்லுதேன். நீங்க தட்டுனாப் போதும்.”

அவன் கைப்பிடியை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டான். முதல் தட்டு விலகி விழுந்தது. “இந்தப் பக்கம்” என்றாள். “ம். அப்படியே வாங்க. இப்பம் வளைவு. மெதுவா.” அவன் அவள் குரலைக் கேட்டுக் கேட்டுத் தட்டினான். ஒரு தடவை அவள் விரலிலேயே விழுந்தது. அவன் பதறிச் சுத்தியலைப் போட்டுவிட்டான். “ஒண்ணுமில்ல, தட்டுங்க” என்று விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடி பிடித்தாள். வெயில் ஷெட்டுக்குள் சாய்ந்து வரும்போது தாள் முடிந்தது. ஒரு ஓட்டை வேண்டியதைவிடப் பெரிசாகிவிட்டது. ஒரு ஓரம் கோணல். அவள் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, முதல் தாளின் மேல் வைத்தாள்.

“நிக்குமா?”

“கிழிசல் இல்ல. நிக்கும்.”

மாட்டி இறுக்கியதும் ஷாஃப்டைத் தள்ளினாள். மெல்லிசாக ஒரு டிக். இழுத்தாள். டிக். அவன் காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டு, “அதாம். அவ்வளவுதாம் வேணும்” என்றான்.

எண்ணெய் ஊற்றி, பெட்ரோலைத் திறந்து, கயிற்றை அவன் இழுத்தான். மூன்றாவது இழுப்பில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம் சீராக வந்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அவனே நிறுத்தினான். ஆறட்டும், ஆறின பிறகு இன்னொரு சுற்று இறுக்கிவிட்டால் தாள் உட்கார்ந்துகொள்ளும் என்றான். ஆறும்வரை இரண்டு பேரும் ரோட்டோரக் கடையில் போய் டீ குடித்தார்கள். கடைக்காரர் அவர்களைச் சேர்த்துக் கடையில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. டீயைக் கொஞ்சம் ஸ்ட்ராங்காகப் போட்டார்.

திரும்பி வந்து இறுக்கிவிட்டு மறுபடி ஓட்டியபோது தண்ணீர் பாத்தி பாத்தியாகக் கடைசி வரிசை வரைக்கும் போனது. அவள் குனிந்து கவரின் அடியில் விரலை ஓட்டினாள்.

“காஞ்சிருக்கா?” என்று அவன் கேட்டான்.

“காஞ்சிருக்கு.”

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் போகிற பக்கம் மடை திருப்பப் போனான்.

அந்த வாரமே அனுசியாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் முதலில் அழுதாள், பிறகு அப்பாவைத் திட்டினாள், பிறகு பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். நரம்பு தானாகத் தேறினால் உண்டு, தேறாமலும் போகலாம், சூடும் வெட்டும் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். மணிமுத்து பூப்பறிக்க வரவில்லை. பறித்த பூவை மொபெட்டில் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது அவன் வேலையாயிற்று. தண்ணீர் பாய்ச்சுவதும் அவன்தான். இஞ்சின் கயிற்றை இழுக்க இப்போது அவள் கையை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் பிளக்கை மாட்டும்போது மட்டும், “செல்வி, இதைக் கொஞ்சம் நூல் பிடிச்சு விடு” என்று வரப்பிலிருந்தே கூப்பிடுவான். காலையில் சட்டைக்குப் பட்டன் போட்டு விடுவதும் அவள்தான். போட்டுக்கொண்டே அன்றைக்கு என்னென்ன வேலை என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்வார்கள்.

ஆனி பிறந்து ஒருநாள் விடியும்போது புளியறைப் பக்கம் மலை மறைந்து போயிருந்தது. தோட்டத்தில் நிற்கும்போதே பொடிச் சாரல் முகத்தில் பட்டது. மூன்றாம் நாள் அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று ரோட்டில் வேன்கள் போக ஆரம்பித்துவிட்டன.

லீவு எப்போதும் பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோதான் கிடைக்கும். சாரல் சீசனில் அவன் ஊரில் இருந்ததே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்களோடுதான் அவள் இதுவரைக்கும் போயிருக்கிறாள். அன்றைக்குப் பூவைப் போட்டுவிட்டு வந்தவனை வாசலில் மறித்து, “குத்தாலம் போவோமா?” என்று கேட்டாள்.

“குளிரு எனக்கு ஆகுமோ என்னமோ” என்றான்.

“நின்னு பாருங்க. முடியலன்னா வந்திருங்க.”

பெரிய அருவியில் பெண்கள் பக்கம் தனி, ஆண்கள் பக்கம் தனி. வரிசையில் பிரிகிற இடத்தில் அவனை விட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். எண்ணெய் தேய்த்த முதுகுகளுக்கு நடுவில் புகுந்து, தண்ணீருக்கு அடியில் போய்த் தலையைக் கொடுத்தாள். தோளில் விழுந்த அடியில் இத்தனை நாள் குடம் சுமந்த வலியெல்லாம் எங்கேயோ போயிற்று. ஆனாலும் மனசு அந்தப் பக்கமே இருந்தது. சீக்கிரமாகவே வெளியே வந்துவிட்டாள்.

படிக்கட்டு ஓரத்தில் அவன் தலையெல்லாம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் கக்கத்தில் செருகியிருந்தான். பல் கிட்டிக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய்க் குனிந்தாள்.

“என்ன செய்யுது?”

“ஊசி குத்துதாப்புல இருக்கு” என்றான்.

“வலிக்கா? நான்தான் கூட்டியாந்தேன். குளிரு ஆகாதுன்னு நீங்க சொல்லியும்…”

“ஏட்டி, நான் சொல்லுதது உனக்கு விளங்கல.” கையை வெளியே எடுத்து நீட்டினான். விரல்கள் வெளுத்து நடுங்கின. “ஒண்ணும் தெரியாத விரல்ல ஊசி குத்துது. இந்த விரலா அந்த விரலான்னு சொல்லத் தெரியல. ஏதோ ஒண்ணுல குத்துது.”

இசக்கிச்செல்வி அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து காய்ந்த துண்டை எடுத்து அவன் இரண்டு கையையும் சேர்த்துச் சுற்றி, தன் மடிக்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. தெரிந்த முகம் ஏதாவது பார்க்குமோ என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்தது போய்விட்டது.

“இப்பமும் குத்துதா?” என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

“குத்துது.”

“அப்பம் இன்னும் கொஞ்சம் இருப்போம்” என்றாள்.